அழிக்கும் முன் படியுங்கள்: ஈசிஎம் நினைவகமும் ஃபால்ட் கோட்களும்

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டுவது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலருக்கும் தெரிந்த வைத்தியம். பழைய வண்டியில் விளக்கு அணையும். கூடவே, கோளாறு எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எத்தனை ஆர்பிஎம்மில் வந்தது என்று ஈசிஎம் (என்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி) எழுதி வைத்திருந்த குறிப்பும் போய்விடும். புதிய வண்டிகளில் கோட் பெரும்பாலும் அழியாமலே நிற்கும். ஐடில் கற்றலும் ஜன்னல் கண்ணாடியின் ஆட்டோ அப் செட்டிங்கும்தான் போகும். இரண்டிலும் நஷ்டம் வேலை பார்ப்பவருக்கே.

ஸ்கேனரைப் புதிதாகக் கையில் எடுப்பவர் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று: கோட் என்பது கெட்டுப்போன பாகத்தின் பெயர் அல்ல, ஈசிஎம் செய்த சோதனைகளில் எது தோற்றது என்பதன் பெயர். கூலன்ட் சென்சர் கோட் வந்ததும் சென்சரை மாற்றி, மறுநாளும் அதே கோட் வந்து நிற்பது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

நினைவகம் மூன்று விதம்

ஈசிஎம்முக்குள் இருக்கும் நினைவகத்தை அச்சடித்த புத்தகம், கணக்கு நோட்டு, சிலேட்டு என்று பிரித்துக்கொண்டால் பிறகு வரும் கோட்கள் எளிதில் புரியும். புத்தகம் என்பது ஃபிளாஷ்: என்ஜினை ஓட்டும் புரோகிராமும் கம்பெனி கொடுத்த அளவுகளும் அதில் இருக்கும். கணக்கு நோட்டு ஈஈப்ராம் (சில வண்டிகளில் ஃபிளாஷிலேயே ஒரு பகுதி): இம்மொபிலைசர் (வேறு சாவியில் என்ஜினைக் கிளப்பவிடாத பூட்டு) சாவி விவரம், வண்டி கற்றுக்கொண்ட சில திருத்தங்கள், ஃபால்ட் கோட்கள் அதில் ஏறும். பேட்டரி இல்லாமலும் அழியாது. சிலேட்டு என்பது ராம்: ஓடும்போது கணக்குப் போட்டு அழித்துக்கொண்டே இருப்பது, மின்சாரம் போனால் காலி. பழைய வண்டிகளில் இந்தச் சிலேட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் வந்துகொண்டே இருக்கும். அவற்றில்தான் டெர்மினலைக் கழற்றினால் கோட் போகும்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சாவியை அணைத்தவுடன் ஈசிஎம் தூங்குவதில்லை. தனக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலேவைத் தானே சில நொடிகள் பிடித்துவைத்துக்கொண்டு, சிலேட்டில் உள்ள முக்கியமானவற்றை நோட்டில் எழுதும். என்ஜின் அறையிலிருந்து 'டிக்' என்று ரிலே விடும் சத்தம் சற்றுத் தாமதமாக வருவது இதனால்தான். அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றினால் எழுத்து பாதியில் நிற்கும். அடுத்த முறை சாவி போடும்போது நினைவகக் கோட் வர வாய்ப்பு உண்டு. சாவியை அணைத்து 2 நிமிடமாவது பொறுத்த பிறகே டெர்மினலில் ஸ்பேனர் வையுங்கள்.

ஸ்கேனர் மாட்டும் முன்

விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள். நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிக்கொண்டு வரலாம், ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் முள்ளோ கூடவே தொந்தரவு காட்டாத வரை. ஓடும்போது விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது) கடுமையாக இருக்கிறது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்; மின்னுவது நிற்காவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடாமல், பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை நிற்கும். சில புதிய கார்களில் ஆல்டர்னேட்டரை ஈசிஎம்மே கட்டுப்படுத்துவதால் இடையிடையே இதற்குக் கீழே இறங்கும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். இந்த மூன்று அளவும் சரியில்லாத வண்டியில் ஸ்கேனர் காட்டும் கோட்களை நம்பி எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம். வோல்டேஜ் இறங்கினால் ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், ஏர்பேக் என்று ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்கு ஒரு கோட் எழுதும்.

மாட்டுவதும் படிப்பதும்

நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே சோதித்துப் பதியும் முறை) கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்குப் பின் வந்த கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே, டிரைவர் முழங்கால் பக்கம், 16 பின் கப்ளர் இருக்கும். 16-வது பின் நேரடி பேட்டரி. 4-ம் 5-ம் எர்த். 6-ம் 14-ம் கேன் லைன், அதாவது பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர். ஸ்கேனரில் விளக்கே வராவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃப்யூஸ். சாக்கெட்டில் விழுந்த ஒற்றை நாணயம் ஸ்கேனரைச் செத்ததாகக் காட்டிவிடும்.

விளக்கு வந்தும் வண்டியுடன் பேசாவிட்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். 60 ஓம் அருகில் இருந்தால் லைன் நல்லது. 120 என்றால் இரு முனையில் ஒன்று அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் கேட்வே (லைன்களைப் பிரித்து இணைக்கும் பெட்டி) வைத்த வண்டிகளில் இந்த அளவு மாறும், அங்கே சர்க்யூட் படம் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டர் கற்றுக்கொள்ளப் போதும். ஆனால் அது பெரும்பாலும் என்ஜின் ஈசிஎம்மோடு மட்டும்தான் பேசும். 'கோட் இல்லை' என்று அது சொன்னால், அந்த ஒரு பெட்டியில் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரவெல்லாம் கப்ளரிலேயே விட்டுவைத்தால் பேட்டரியையும் குடிக்கும். பிஎஸ்-6 பைக், ஸ்கூட்டர்கள் பலவற்றில் சிறிய 6 பின் கப்ளர். தனி அடாப்டர் கேபிள் வேண்டும்.

சாவி ஆன், என்ஜின் ஆஃப். எல்லா மாட்யூலையும் (என்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் போன்ற பெட்டிகள்) ஒரு சுற்று ஸ்கேன் செய்து, ஒவ்வொரு திரையையும் செல்போனில் படம் எடுங்கள். கோட், அதன் நிலை, ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோளாறு வந்த நொடியின் வேகம், சூடு, ஆர்பிஎம் குறிப்பு), கிலோமீட்டர் இந்த நான்கும் படத்தில் இருக்க வேண்டும். அழி என்ற பட்டனை இப்போது தொட வேண்டாம். அது ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஈசிஎம் தானே ஓட்டி முடித்த தயார்நிலைச் சோதனைகளின் முடிவுகளையும் சேர்த்தே துடைத்துவிடும்.

எழுத்தும் எண்ணும்

கோட் ஐந்து இடம் கொண்டது. முதல் எழுத்து பவர்டிரெய்னா, சேஸிஸா, பாடியா, மாட்யூல்களுக்கு இடையிலான பேச்சா என்று சொல்லும். பவர்டிரெய்னும் பாடியும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'தான், வம்பு. இங்கே பி என்று வருவதெல்லாம் பவர்டிரெய்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது அர்த்தம். 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்த அர்த்தம், இணையத்தில் வேறு கம்பெனி வண்டிக்குச் சொன்னதை இதற்குப் பொருத்தாதீர்கள். மூன்றாவது இடம் பிரிவு: 1, 2 எரிபொருளும் காற்றும், 3 இக்னிஷன், மிஸ்ஃபயர், 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐடிலும், 6 ஈசிஎம்மும் அதன் வெளியீடுகளும், 7, 8 கியர்பாக்ஸ். கடைசி இரண்டும் குறிப்பிட்ட சோதனை. பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர்.

சில ஸ்கேனர்கள் பின்னால் கோடு போட்டு இன்னும் இரண்டு இலக்கம் காட்டும். அதைத் தவிர்த்துவிட்டுப் படிப்பவர்களே அதிகம், ஆனால் பாதி வேலை அதில் முடிந்துவிடும்: 11 எர்த்தில் ஷார்ட், 12 பேட்டரி பாசிட்டிவில் ஷார்ட், 13 ஒயர் அறுந்தது அல்லது கப்ளர் விட்டது.

சோதனையின் பெயர்தான் கோட் என்று சொன்னதைக் கையால் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு ஒயர் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈசிஎம் 5 வோல்ட்டை உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, தன் பின்னில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று மட்டும் பார்க்கிறது. சென்சர் கப்ளரைக் கழற்றினால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். பி0118, லைவ் டேட்டாவில் (ஸ்கேனர் அந்த நொடியே காட்டும் அளவுகள்) மைனஸ் 40 டிகிரி. அதே கப்ளரின் இரண்டு ஒயரையும் சிறு ஜம்பரால் சேர்த்தால் பூஜ்யம். பி0117, சூடு உச்சிக்குப் போகும். கழற்றும்போதும் சேர்க்கும்போதும் லைவ் டேட்டா இப்படித் தாவினால் ஈசிஎம்மும் ஒயரும் நல்லவை, சென்சரை மாற்றலாம். தாவாவிட்டால் புது சென்சர் வாங்கி என்ன பயன்? இந்த ஜம்பர் சோதனை இரண்டு ஒயர் டெம்பரேச்சர் சென்சருக்கு மட்டும். மூன்று ஒயர் பிரஷர் சென்சரில் செய்தால் 5 வோல்ட் சப்ளையையே ஷார்ட் செய்துவிடுவீர்கள்.

நிலை: இப்போதா, எப்போதோவா

ஒரு சோதனை ஒரு முறை தோற்றால் பெரும்பாலும் 'பென்டிங்'. அடுத்த ஓட்டத்திலும் தோற்றால் 'கன்ஃபர்ம்ட்', விளக்கும் வரும். கடும் மிஸ்ஃபயர், ஒயர் அறுந்தது போன்றவற்றுக்குச் சில வண்டிகள் இரண்டாம் முறைக்குக் காத்திருப்பதில்லை. 'ஆக்டிவ்' அல்லது 'பிரசென்ட்' என்றால் இந்த நொடியும் தோற்றுக்கொண்டிருக்கிறது, மீட்டரோடு தேடினால் கிடைக்கும். 'ஹிஸ்டரி' என்றால் எப்போதோ வந்து போனது. அசையாமல் நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்து ஒன்றும் கிடைக்காது. ஒயரிங்கைப் பிடித்து ஆட்டியும் கப்ளர்களை அசைத்தும் லைவ் டேட்டாவைப் பார்க்க வேண்டும்.

ஃப்ரீஸ் ஃப்ரேம் இங்கேதான் கைகொடுக்கும். பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. ஃப்ரேமில் வேகம் 0, 780 ஆர்பிஎம், ஃப்யூயல் டிரிம் (பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஈசிஎம் செய்யும் திருத்தம்) பிளஸ் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் வேக்குவம் ஹோஸ் எங்கோ காற்று இழுக்கிறது. ஐடிலில்தான் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியும். அதே கோட், பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றத்தில் 3000 ஆர்பிஎம்மில், லோடு 80 சதவீதத்தில் பதிந்திருந்தால் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள். ஒரே எண், இரண்டு வேலை.

நிறையக் கோட் ஒன்றாக வந்தால் அத்தனைக்கும் பொதுவாக எது என்று யோசியுங்கள். பல சென்சர்கள் ஒரே 5 வோல்ட் லைனில் தொங்குகின்றன. பி0641 அல்லது பி0651 கூட இருந்தால் அந்த லைனே விழுந்திருக்கிறது. அதிலுள்ள சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் எழுந்து நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

நினைவகமே தோற்றால்: பி0601 முதல் பி0606 வரை

புதியவரைப் பயமுறுத்தும் குடும்பம் இது. 'ஈசிஎம் போயிட்டு, மாத்தணும்' என்று சொல்லிவிடுவது சுலபம். மாற்றும் செலவு வண்டிக்காரருக்கு.

பி0601 செக்சம் பிழை. கணக்கு நோட்டில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதுவதுபோல் புரோகிராமுக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. ஈசிஎம் அதை மறுபடி கூட்டிப் பார்த்து, சேராவிட்டால் இந்தக் கோட் எழுதும். பாதியில் நின்ற ரீஃபிளாஷ் (புரோகிராமை மறுபடி ஏற்றுவது), மைலேஜ் கூட்டித்தருவதாகச் சொல்லி ஏற்றிய அரைகுறை டியூனிங் ஃபைல், நனைந்த பெட்டி இவை வழக்கமான காரணங்கள். பி0602 புரோகிராமே ஏற்றாத அல்லது கோடிங் முடியாத பெட்டி. பி0603 அந்த நேரடி பேட்டரி ஒயரை நம்பியிருக்கும் நினைவகம். பேட்டரி கழற்றிய மறுநாள் இது தனியாக நின்றால் அழித்துவிட்டுக் கவனித்தால் போதும். பி0604 ராம், எழுதிய எண் திரும்பி வரவில்லை. பி0605 ரோம், அதாவது புரோகிராம் இருக்கும் அந்தப் புத்தகம்; ராமுக்கும் இதற்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், பலர் குழப்பிக்கொள்வார்கள். பி0606 பிராசசர்.

பெட்டியைக் குறைசொல்லும் முன் அதற்குப் போகும் மின்சாரத்தைப் பாருங்கள். சர்க்யூட் படத்தில் ஈசிஎம்மின் நேரடி பேட்டரி பின், மெயின் ரிலே பின், எர்த் பின்கள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். எர்த் ஒன்றல்ல, பெரும்பாலும் இரண்டு மூன்று இருக்கும். என்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ப்ளோவரும் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் ஈசிஎம் எர்த் பின்னுக்கும் இடையே (கப்ளரின் பின்பக்கம் வழியாக) வோல்ட் அளந்தால் 0.1-க்குள் இருக்க வேண்டும். 0.4, 0.5 வந்தால் எர்த் போல்ட்டில் துரு.

ஓம்ஸ் வைத்து எர்த்தை நம்பக் கூடாது. ஒயரில் ஒரே ஒரு நூல் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்ல அளவையே காட்டும். சாவியை அணைத்து, பொறுத்திருந்து, ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, 12 வோல்ட் 21 வாட் இன்டிகேட்டர் பல்பை நேரடி பேட்டரி பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே கொடுங்கள். சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். மங்கலாக எரிந்தால் ஒயரிலோ ஃப்யூஸ் பிடியிலோ கோளாறு. மெயின் ரிலே பின்னில் பார்க்க ரிலேவை ஜம்பரால் மூட வேண்டியிருக்கும். பின்னுக்குள் நுழைக்கும் முனை அதே அளவாக இருக்கட்டும். தடித்த முனையைத் திணித்தால் டெர்மினல் விரிந்து, இல்லாத லூஸ் கான்டாக்டை நீங்களே உண்டாக்குவீர்கள். சென்சர், சிக்னல் பின்களில் இந்தப் பல்பைக் கொண்டுபோகவே கூடாது.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடலாம். கடற்காற்றின் உப்பு எர்த் போல்ட்டில் படிகிறது. மீன் ஏற்றும் மினி லாரிகளில் ஐஸ் தண்ணீர் வடிந்து சேஸிஸிலேயே ஓடுகிறது. ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்பதால் கப்ளருக்குள் புகுந்த ஈரம் காய நேரமே இல்லை. கப்ளரைத் திறந்தால் பச்சைக் களிம்பு தெரியும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷால் துடைத்து, முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்; உப்புத்தாள் போட்டால் டெர்மினலின் பூச்சு போய் ஆறு மாதத்தில் மறுபடி களிம்பேறும். எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் அல்லது டெர்மினல் கிரீஸ். கிரீஸை அடியில் தடவிவிட்டு இறுக்குவது தலைகீழ் வேலை. ஒயர் உறைக்குள்ளே ஒரு ஜாண் தூரம் செம்பு கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டி மாற்ற வேண்டும்.

உப்பில் துருவேறிய அதே பாடிக்கு வெல்டிங் வைப்பதும் ஈசிஎம்மைக் கொல்லும். பேட்டரி நெகட்டிவ், ஈசிஎம் கப்ளர் இரண்டையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்தின் பக்கத்திலேயே பிடியுங்கள், வண்டியின் மறுகோடியில் அல்ல.

சப்ளை எல்லாம் சரி. இப்போது கோட்டை அழித்து, சாவியை அணைத்து, 2 நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். அந்த நொடியே பி0601 அல்லது பி0605 திரும்பினால் புரோகிராம் கெட்டிருக்கிறது. அந்த வண்டிக்கு உரிய சரியான ஃபைலை ஏற்றிப் பார்ப்பது அடுத்த படி. ஏற்றும்போது 13.5 வோல்ட் அருகே நிலையாகக் கொடுக்கும் பவர் சப்ளை இணைத்தே ஆக வேண்டும்; லேப்டாப்பிலும் சார்ஜர் இருக்கட்டும். பாதியில் வோல்ட் இறங்கினால் ஓடிக்கொண்டிருந்த வண்டியும் நின்றுவிடும். பத்து நாள் கழித்து மழையன்று மட்டும் கோட் வந்தால் புரோகிராமைத் தொடாதீர்கள், ஒயரிங்கிலும் பெட்டியின் மூடி ரப்பரிலும் தேடுங்கள்.

பழைய ஈசிஎம் வாங்கிப் போட நினைப்பவர்கள் பார்ட் எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனாலும் இம்மொபிலைசர் விவரம் பழைய வண்டியுடையது. செல்ஃப் சுற்றும், என்ஜின் பிடிக்காது. பழைய பெட்டியின் ஈஈப்ராமைப் படித்துப் புதியதில் எழுதத் தெரிந்தவரிடம் போக வேண்டும். டீசல் என்றால் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் பொறித்த திருத்த எண்ணையும் ஏற்ற வேண்டும், இல்லையேல் ஐடிலில் நடுக்கம் நிற்காது.

டிப்பர், லாரி, பஸ்

இவை 24 வோல்ட். 12 வோல்ட் கார் அடாப்டரை மாட்டினால் அடாப்டர் போகும். கோட்டும் வேறு மாதிரி: எந்தப் பாகம் என்பதற்கு எஸ்பிஎன் எண், எப்படித் தோற்றது என்பதற்கு எஃப்எம்ஐ எண். எஃப்எம்ஐ 3 வோல்ட் அதிகம், 4 வோல்ட் குறைவு, 5 கரன்ட் போகவில்லை, 2 தாறுமாறு. எஸ்பிஎன் 628 புரோகிராம் நினைவகம், 630 கேலிபரேஷன் நினைவகம். மேலே சொன்ன சப்ளை சோதனைகள் அப்படியே பொருந்தும், பல்பு மட்டும் 24 வோல்ட் பல்பாக இருக்க வேண்டும்.

அழித்த பிறகு

வேலை முடிந்ததும் அழித்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஸ்கேன். விளக்கு அணைந்ததை மட்டும் பார்த்து வண்டியைக் கொடுக்காதீர்கள். அழித்த உடனே எல்லா வண்டியிலும் விளக்கு அணைந்துதான் இருக்கும். ஸ்கேனரில் தயார்நிலைப் பக்கத்தைத் திறந்தால் எந்தச் சோதனை இன்னும் ஓடவில்லை என்று தெரியும். வடசேரியிலிருந்து கோட்டாறு வரை போய்வந்தால் அவை ஓடாது. என்ஜின் குளிர்ந்த நிலையில் கிளப்பி, நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகம் குறையவிட்டு, நிறுத்தி ஐடிலில் வைத்துத் திரும்புங்கள். டவுனுக்குள்ளேயே ஓடும் பிஎஸ்-6 டீசல் கார்களில் பி2463, அதாவது புகை ஃபில்டரில் கரி நிறைந்தது, வருவதற்கும் இதே குறுகிய ஓட்டம்தான் காரணம்.

கோளாறைச் சரிசெய்துவிட்டுக் கோட்டை அழிக்காமல் விட்டாலும் பரவாயில்லை. பொதுவாகத் தொடர்ந்து 3 ஓட்டங்களில் சோதனை தேறினால் விளக்கு தானே அணையும்; கோட் மட்டும் 40 வார்ம்-அப் முடியும்வரை ஹிஸ்டரியில் கிடக்கும். கிளப்பியதிலிருந்து கூலன்ட் 22 டிகிரியாவது ஏறி, 70-ஐத் தொட்டால்தான் ஒரு வார்ம்-அப் கணக்கு. தெருமுனைக் கடைக்குப் போய்வந்ததெல்லாம் அதில் சேராது.